பானட்டைச் சரி செய்தால் கதவு விட்டுப் போகிறதா? – வாசகர் கேள்வி பதில்

ரைனோ மாதிரியான நர்ப்ஸ் மென்பொருளில், அதாவது சில புள்ளிகளை நகர்த்தி வளைந்த பரப்புகளை உருவாக்குகிற கம்ப்யூட்டர் மென்பொருளில், வண்டி மாடல் செய்கிறவர்கள் நம் மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது இந்த முறை கடிதங்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஒரு பரப்பு அடுத்த பரப்போடு சேர மாட்டேன் என்கிறது. அதனால் இந்த இதழில் பெரும்பகுதி அதற்கே.

"அண்ணா, அம்பாசடர் கார் ஒன்றை ரைனோவில் செய்கிறேன். பானட், முன் மட்கார்டு, கதவு எல்லாம் தனித்தனியாகப் போட்டேன். மட்கார்டை பானட்டோடு மேட்ச் பண்ணினால் அந்தப் பக்கம் சரியாகிறது, உடனே கதவுப் பக்கம் விட்டுப் போகிறது. கதவைச் சரி பண்ணினால் மட்கார்டு நடுவில் வீங்குகிறது. ஜீப்ராவில் (பரப்பின் மேல் வரிக்கோடுகள் பிரதிபலிப்பதைக் காட்டும் சோதனையில்) கோடெல்லாம் உடைந்து கிடக்கிறது. எங்கே தப்பு?"
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

தம்பி, மேட்ச் என்பது ஒரு பரப்பின் ஓரத்தை அடுத்த பரப்பின் ஓரத்தோடு பொருத்துகிற கட்டளை, அது சொன்னதைத்தான் செய்கிறது. அதற்கு முன்னாலேயே, காரை எந்த இடத்தில் பிரிப்பது என்று முடிவெடுத்தீர்களே, சிக்கல் அங்கே இருக்கிறது.

நிஜக் காரைப் பார்த்தால் நம் கண்ணுக்கு பானட், மட்கார்டு, கதவு என்று தகடு தகடாகத்தான் தெரியும். அந்த இடைவெளிக் கோடுகளையே எல்லையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனிப் பரப்பாகப் போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் கதவைச் சுற்றி ஓடுகிற இடைவெளி வெறும் வெட்டுக்கோடு. கதவு திறக்க வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வடிவம் அங்கே முடியவில்லை, மட்கார்டிலிருந்து கதவின் மேல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் எங்கிருந்து எங்கே வரை போகிறதோ அதை ஒரே பரப்பாகப் போடுங்கள். எல்லை தாண்டிக் கொஞ்சம் நீளமாகவே விட்டுவிடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். வடிவம் திருப்தியாக வந்த பிறகு, கடைசியில், கதவுக் கோட்டை பக்கவாட்டுப் பார்வையிலிருந்து பரப்பின் மேல் ப்ரொஜெக்ட் பண்ணி, அதாவது படிய வைத்து, அந்தக் கோட்டில் ஸ்ப்ளிட் செய்யுங்கள், வெட்டுங்கள். மட்கார்டும் கதவும் ஒரே பரப்பின் இரண்டு துண்டுகள் ஆகிவிடும். ஆகவே அந்த இடத்தில் மேட்ச் என்ற பேச்சே இல்லை. பம்பரோ விளக்குக் குழியோ எதுவானாலும் இதே வழிதான், முதலில் முழு உடம்பு, பிறகு வெட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓரத்தை உருட்டுகிற ஃபில்லட். ஃபில்லட்டை முன்னாலேயே போட்டுவிட்டு அதன் ஓரத்தோடு அடுத்த பரப்பை மேட்ச் பண்ணப் போகிறவர்கள்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, வடிவமே மாறுகிற இடங்கள் இருக்கின்றன அல்லவா, அம்பாசடரில் உப்பலான பானட்டும் உப்பலான மட்கார்டும் சந்திக்கிற பள்ளம் மாதிரி. அங்கே இரண்டு பரப்பு வேண்டியதுதான், மேட்ச்சும் வேண்டியதுதான். இங்கேதான் கண்ட்ரோல் பாயிண்ட் வரிசைகளை, அதாவது பரப்பின் வடிவத்தைப் பிடித்து இழுக்கிற புள்ளிகளின் வரிசைகளை, எண்ணிப் பார்க்க வேண்டும்.

விளிம்பு விளிம்போடு வெறுமனே தொட்டால் ஜி0. தொடுகிற இடத்தில் சாய்வும் ஒன்றாக இருந்தால் ஜி1. வளைவின் அளவும் ஒன்றாக இருந்தால் ஜி2. ஜி0-க்கு ஓரத்தில் உள்ள ஒரு வரிசை பாயிண்ட் போதும், ஜி1-க்கு இரண்டு வரிசை, ஜி2-க்கு மூன்று வரிசை செலவாகும். இப்போது உங்கள் மட்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிகிரி (வளைவுச் சமன்பாட்டின் படி) 3, ஒரே ஸ்பான் (நடுவில் துண்டாகாத ஒரே நீட்டம்) என்றால் அந்தத் திசையில் மொத்தம் 4 வரிசைதான். பானட் பக்கம் ஜி1, கதவுப் பக்கம் ஜி1 என்று கேட்டால் இரண்டும் இரண்டும் நான்கு, கணக்கு தீர்ந்தது. பானட் பக்கம் ஜி2 கேட்டீர்கள் என்று வையுங்கள், மூன்றாவது வரிசையையும் அது எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றாவது வரிசைதான் மறுபக்கத்திலிருந்து எண்ணினால் கதவின் சாய்வைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டாவது வரிசை. இழுத்துக் கட்டின தார்ப்பாயில் ஒரு மூலையை இறுக்கினால் எதிர்மூலை தொளதொளத்துப் போகிற கதைதான். இரண்டு முனையிலும் ஜி2 வேண்டுமென்றால் 3+3, ஆறு வரிசை. அதாவது டிகிரி 5, ஒரே ஸ்பான். கார் பரப்புகளை டிகிரி 5-இல் போடச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்னக் கூட்டல்தான்.

மேட்ச் பெட்டியில் மறுமுனையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிற ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் ரைனோ தேவைக்குப் புதிய பாயிண்ட்களைத் தானே நுழைத்துக்கொள்ளும். வேலை நடந்த மாதிரித் தெரியும், ஆனால் சில மேட்ச்சுக்குப் பிறகு பாயிண்டைப் போட்டுப் பாருங்கள், எறும்புக் கூட்டம் போல நிற்கும். அதற்குப் பிறகு அந்தப் பரப்பைக் கையால் திருத்தவே முடியாது. ஆகவே டிகிரியை முதலில் நீங்களே ஏற்றி வைத்துவிடுங்கள், நடுவில் பாயிண்ட் நுழைக்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் யாருக்காக மாற வேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கூரை, பானட், பக்கவாட்டு உடம்பு போன்ற பெரிய பரப்புகளை ஜீப்ராவில் பார்த்துத் திருப்தியானதும் இனி தொடுவதில்லை என்று வைத்துவிடுங்கள். அவற்றுக்கு நடுவில் வருகிற குறுகலான இணைப்புப் பரப்புகள் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தட்டும். இரண்டு பரப்பையும் சராசரியாக்குகிற தேர்வை இந்த வேலையில் தொடவே வேண்டாம், முடித்து வைத்த பெரிய பரப்பும் உங்களுக்குத் தெரியாமலே நகர்ந்துவிடும்.

இன்னொன்று, விளிம்பில் இரண்டு பக்கமும் ஒரே டிகிரி, ஒரே எண்ணிக்கை பாயிண்ட் இருக்கட்டும். அப்படி இருந்தால் மேட்ச் பண்ணாமலேகூடக் கண்ணால் சரிபார்க்கலாம்: இந்தப் பக்கத்து இரண்டாவது வரிசைப் பாயிண்ட், விளிம்புப் பாயிண்ட், அந்தப் பக்கத்து இரண்டாவது வரிசைப் பாயிண்ட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், அந்த இரண்டு தூரங்களின் விகிதமும் விளிம்பு நெடுக ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஜி1 வந்துவிட்டது. ஒரு பக்கம் 6, மறுபக்கம் 11 என்று இருந்தால் மென்பொருள் தோராயமாகத்தான் ஒட்டும்.

வீல் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில், ஒரு எச்சரிக்கை. சக்கரம் வட்டம்தானே என்று சர்க்கிள் அல்லது ஆர்க் கட்டளையால் ஆர்ச்சை வரைந்தால் அந்தக் கோட்டின் பாயிண்ட்களுக்குச் சமமில்லாத வெயிட் (வளைவைத் தன் பக்கம் இழுக்கிற பலம்) வந்துவிடும். துல்லியமான வட்டத்துக்கு அது தேவை. நர்ப்ஸின் சிறப்பே அதுதான். ஆனால் வெயிட் உள்ள விளிம்பும் வெயிட் இல்லாத உடம்புப் பரப்பும் சரியாகப் பொருந்தாது. ஆர்ச்சை டிகிரி 5 கோடாக, வட்டத்தைப் பார்த்துக் கையால் அமையுங்கள். நிஜக் கார்களிலும் ஆர்ச் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், கொஞ்சம் தட்டையாகவோ பின்னால் சரிந்தோதான் இருக்கும்.

இந்தக் கணிதத்தின் ஒரு வேர் காரில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1959-இல் சிட்ரோன் நிறுவனத்தில் பால் த காஸ்டெல்ஜோவும், 1960-களில் ரெனோவில் பியர் பெசியேயும், ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாமலே, கார் உடம்பின் வளைவைச் சில புள்ளிகளால் எழுதுகிற வழியைக் கண்டார்கள். சிட்ரோன் அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டதால் பெசியே பெயர் நிலைத்துவிட்டது. குறைந்த புள்ளியில் நல்ல வளைவு என்பது அன்றைக்கே அவர்களுடைய நோக்கம். 

"ப்ளூபிரிண்டில் பக்கவாட்டுப் படமும் முன்பக்கப் படமும் ஒத்தே வரவில்லை. முன்பக்கத்தில் கண்ணாடியின் கீழ்க்கோடு ஒரு உயரத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் வேறு உயரம். எதை நம்புவது?"
– வாசகி, மார்த்தாண்டம்

இரண்டையும் முழுசாக நம்ப வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் ப்ளூபிரிண்டில் பெரும்பாலானவை யாரோ படத்தைப் பார்த்து வரைந்தவை, அல்லது புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்து ஒரு பக்கம் இழுபட்டவை. முதலில் பக்கவாட்டுப் படத்தில் சக்கரத்தின் மேல் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சக்கரம் வட்டத்துக்குள் உட்காராமல் முட்டையாகத் தெரிந்தால் படம் நீளத்திலோ உயரத்திலோ இழுபட்டிருக்கிறது. அதைச் சரி செய்த பிறகு வீல்பேஸை (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரத்தை) வைத்து அளவைப் பொருத்துங்கள். அம்பாசடர் என்றால் 97 அங்குலம், 2464 மில்லிமீட்டர். வண்டியின் மொத்த நீளத்தை வைத்துப் பொருத்தாதீர்கள், பம்பர் மாடலுக்கு மாடல் மாறும். வீல்பேஸ் அவ்வளவு எளிதில் மாறாது. அப்புறம் நீளம், அகலம், உயரத்துக்கு ஒரு பெட்டி வரைந்து ஒவ்வொரு படத்தையும் அந்தப் பெட்டிக்குள் உட்கார வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணாடிக் கோடு ஒத்து வராவிட்டால் பக்கவாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு முன்பக்கப் படத்தை விட்டுவிடலாம். காரின் குணம் பக்கவாட்டில்தான் இருக்கிறது. முன்பக்கத்தை அகலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். புகைப்படத்தை மட்டும் ப்ளூபிரிண்ட் போலப் பின்னால் ஒட்டி மேலே கோடு இழுத்துவிடாதீர்கள். அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் விழுந்திருக்கும், பார்க்கச் சரியாக இருந்தாலும் அளவு வராது.

உங்கள் ஊரில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. டிஎன் 75 எண் போட்ட ஏதாவது ஒரு பழைய வண்டி வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு டேப்பும் தூக்குக் குண்டும் எடுத்துப் போங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியின் கீழ் மூலை, பானட் முனை, கதவுக் கைப்பிடி போன்ற புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்தால் நீள அகலம் கிடைத்துவிடும், நூலின் நீளம் உயரத்தைச் சொல்லிவிடும். அப்படி ஒரு இருபது முப்பது புள்ளி இருந்தால் எந்தப் படத்தையும் அதற்குப் பணிய வைக்கலாம்.

"பாதி பானட் போட்டு மிர்ரர் பண்ணுகிறேன். நடுவில் மெல்லிய வரப்பு மாதிரித் தெரிகிறது. ஜாயின் ஆகிவிட்டது, ஆனாலும் வரப்பு போகவில்லை."
– கிராஃபிக்ஸ் வேலை செய்பவர், தக்கலை

ஜாயின் ஆவது ஓரம் ஒட்டியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சான்று. நடுக்கோட்டு வரிசைப் பாயிண்ட்கள் எல்லாம் வண்டியின் நடுத் தளத்தில், அதாவது ஒய் = 0-இல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். செட்பாயிண்ட் கட்டளையால் அவற்றை அங்கே தட்டி வைக்கலாம். அடுத்து இரண்டாவது வரிசை: அதில் உள்ள ஒவ்வொரு பாயிண்டும் தன் நடுக்கோட்டுப் பாயிண்டின் அதே உயரத்திலும் நீளவாக்கில் அதே இடத்திலும் இருக்க வேண்டும், அகலவாக்கில் மட்டுமே தள்ளி இருக்கலாம். இது அமைந்தால் வரப்பு போய்விடும்.

இதில் ஒரு நல்ல விஷயம், இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் என்பதால் சாய்வு சரியானாலே வளைவின் அளவும் தானாக ஒன்றாகிவிடுகிறது, நடுவில் ஜி2 இலவசமாகக் கிடைத்த மாதிரி. ஆனால் கர்வேச்சர் சீப்பை, அதாவது வளைவு எங்கே எவ்வளவு என்று சீப்புப் பல் போலக் காட்டுகிற கருவியை, போட்டுப் பாருங்கள், நடுவில் அது கூர்மையாக ஏறி இறங்கினால் ஜி2 இருந்தும் வெளிச்சம் அந்த இடத்தில் கிள்ளின மாதிரித்தான் தெரியும். மூன்றாவது வரிசையை மெல்ல மேலோ கீழோ நகர்த்தி அந்த முனையை மழுக்குங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. பானட், கூரை போல நடுவைக் கடந்து ஓடுகிற பரப்புகளைப் பாதியாகப் போடவே வேண்டாம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே பரப்பாக, பாயிண்ட்களை மட்டும் இருபக்கமும் சமமாக வைத்துப் போட்டுவிடுங்கள். நடுவில் இணைப்பே இல்லாதபோது வரப்புக்கு இடம் ஏது?

"தம்பி, நான் ஃபைபர் வள்ளத்துக்கு மோல்டு செய்கிறவன். டிசைன் ஃபைல் வெளியிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் வழுவழு என்று இருக்கிறது. சிஎன்சி-யில் (கம்ப்யூட்டர் இயக்குகிற வெட்டு மிஷினில்) வெட்டி பாலிஷ் போட்டதும் பக்கவாட்டில் அலை அலையாகத் தெரிகிறது. மிஷின் குற்றமா, ஃபைல் குற்றமா?"
– குளச்சல் வாசகர்

அண்ணாச்சி, அலை நீளமாக, ஒரு முழம் இரண்டு முழத்துக்கு ஒன்றாக வந்தால் ஃபைலைத்தான் சந்தேகிக்க வேண்டும். மிஷின் குற்றம் என்றால் பெரும்பாலும் வெட்டுப்பாதையின் இடைவெளியிலேயே நெருக்கமாக வரி வரியாக விழும், சாண்ட் பேப்பரில் போய்விடும்.

ஃபைலைத் திறந்து வள்ளத்தின் பக்கப் பரப்பில் கண்ட்ரோல் பாயிண்டைப் போடச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஐம்பது அறுபது வரிசை நின்றால் அதுதான் காரணம். பல குறுக்குவெட்டுக் கோடுகளை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணிக்கை பாயிண்டோடு, லாஃப்ட் பண்ணினாலோ (அவற்றின் மேல் பரப்பைப் போர்த்தினாலோ) நெட்வொர்க் பரப்பு போட்டாலோ இப்படி ஆகும். ஒவ்வொரு பாயிண்டும் அரை மில்லிமீட்டர் மேலே கீழே இருந்தாலும் திரையில் தெரியாது, ஃபைபரின் மேல்பூச்சான பளபளக்கிற ஜெல்கோட்டில் தெரிந்துவிடும். கோடுகளை எல்லாம் ஒரே டிகிரி, ஒரே எண்ணிக்கை பாயிண்டுக்கு, முடிந்தால் ஆறே பாயிண்டுக்கு, ரீபில்ட் பண்ணி மறுபடி லாஃப்ட் செய்யச் சொல்லுங்கள். வடிவம் கொஞ்சம் விலகினால் பாயிண்டைக் கையால் தள்ளிச் சரி செய்துகொள்ளலாம்.

அலையை முன்கூட்டியே பிடிக்க உங்கள் தொழிலிலேயே வழி இருக்கிறது. வளைகிற மெல்லிய சட்டத்தை உடம்பின் மேல் வைத்து, ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும் அல்லவா. அந்தக் காலத்தில் கப்பல் கோடுகளை வரைந்ததும் அப்படித்தான், நீளச் சட்டத்தை ஈயக் குண்டுகளால் அழுத்திப் பிடித்து அது தானாக வளைகிற வளைவையே எடுத்துக்கொண்டார்கள். நர்ப்ஸ் வளைவின் இன்னொரு பூர்வீகம் அங்கே இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதே பார்வை வேண்டுமென்றால் வள்ளத்தின் ஒரு நகலை எடுத்து நீளவாக்கில் மட்டும் நாலில் ஒரு பங்காக நசுக்கிப் பாருங்கள். நீளமான அலைகள் எல்லாம் நெருங்கி வந்து பளிச்சென்று தெரியும். கர்வேச்சர் சீப்பையும் போடலாம், ஆனால் வள்ளத்தின் நீளவாக்கு வளைவு மிக மென்மையானது என்பதால் சீப்பின் அளவை நன்றாக ஏற்றினால்தான் எதுவும் தெரியும். சீப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவித் தாவி வந்தால் அலை இருக்கிறது.

ஜீப்ரா செய்வதும் புதிதல்ல. பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கதவில் விழுகிற ட்யூப்லைட்டின் பிம்பம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார்களே, அதே சோதனைதான். இணைப்பில் கோடு விட்டுப் போய் வேறு இடத்தில் தொடங்கினால் ஜி0, கோடு சேர்ந்து ஆனால் மூலையாக மடங்கினால் ஜி1, மடங்காமல் வழுக்கிக்கொண்டு போனால் ஜி2. ஆனால் திரையில் ஜீப்ரா தெரிவது காட்சிக்கான மெஷ்ஷின் (சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளால் ஆன வலையின்) மேல் என்பதால் மெஷ் முரடாக இருந்தால் நல்ல பரப்பும் உடைந்த மாதிரித் தெரியும், முதலில் மெஷ்ஷை நுணுக்கமாக்கிவிட்டுப் பாருங்கள். வள்ளத்தின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் மடங்குகிற கூர்மையான ஓரத்தில் கோடு உடைந்துதான் இருக்கும், அது வேண்டுமென்றே வைத்த ஓரம், அதைப் போய் மேட்ச் பண்ணச் சொல்லாதீர்கள்.

"எல்லாம் ஜாயின் ஆகிறது, ஆனால் 3டி பிரிண்ட் கொடுக்கிற கடையில் ஓட்டை இருக்கிறது என்கிறார்கள்."
– பள்ளி மாணவர், கருங்கல்

ஷோ எட்ஜஸ் கட்டளையில் நேக்கட் எட்ஜைக் காட்டச் சொல்லுங்கள், எந்த ஓரம் ஒட்டவில்லை என்று நிறத்தில் தெரியும். அந்த இடத்தில் ஜாயின் எட்ஜ் போட்டு வலுக்கட்டாயமாக ஒட்டாதீர்கள். அது பரப்பை நகர்த்தாது, ஒட்டிவிட்டதாகக் குறித்துக்கொள்ளும், இடைவெளி அப்படியே இருக்கும். பரப்பைச் சரி செய்து சாதாரண ஜாயின் போடுங்கள். மாடலைத் தொடங்கும்போதே அலகை மில்லிமீட்டராகவும் டாலரன்ஸை (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டியதாக எடுத்துக்கொள்ளும் என்ற அளவை) 0.01 அல்லது 0.001 ஆகவும் வைத்துவிட்டு, பிறகு நடுவில் மாற்றாமல் இருப்பது முக்கியம். அதோடு மாடல் ஆதிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், எங்கோ தொலைவில் கிடந்தால் கணக்கின் துல்லியம் குறைந்து இந்த மாதிரி ஓட்டைகள் தானாக முளைக்கும்.

"ரைனோ கற்பதா, ஏலியஸ் கற்பதா? சப்-டி வந்த பிறகு நர்ப்ஸ் தேவையா?"
– குலசேகரம், அருமனை வாசகர்கள்

கார் நிறுவனத்தின் சர்ஃபேசிங் (பரப்பு அமைக்கிற) வேலைக்குப் போக ஆசை என்றால் ஏலியஸ் அல்லது ஐசெம் சர்ஃப் என்ற மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். தொடங்குவதற்கு ரைனோ போதும், 90 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள். டிகிரி, ஸ்பான், வரிசைக் கணக்கு எல்லா மென்பொருளிலும் ஒன்றுதான்.

சப்-டி, அதாவது முரடான வலை ஒன்றை மழுப்பி வடிவம் எடுக்கிற முறை, ரைனோ 7-இலிருந்து இருக்கிறது. வடிவத்தை வேகமாகத் தேடுவதற்கும் படம் காட்டுவதற்கும் அருமை. ஆனால் நாலுக்குப் பதில் மூன்றோ ஐந்தோ விளிம்புகள் கூடுகிற புள்ளிகளில் வளைவு சுத்தமாகத் தொடராது, பானட்டின் நடுவில் அப்படி ஒரு புள்ளி விழுந்தால் வெளிச்சத்தில் சுழி மாதிரித் தெரியும். மோல்டுக்கோ டைக்கோ போகிற வேலை என்றால் சப்-டியில் வடிவத்தை முடிவு செய்துவிட்டு, அதையே வழிகாட்டியாகப் பின்னால் வைத்துக்கொண்டு, பெரிய பரப்புகளை டிகிரி 5-இல் புதிதாகப் போடுங்கள்.